ஆத்து மணலில் பஞ்சுருட்டான்

விழுப்புரம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக விலங்கியல் நடத்துகிறேன். பறவையின் எலும்பு ஏன் உள்ளே காலியாக இருக்கிறது, அதற்கு ஏன் பல் இல்லை, மூச்சுப்பைகள் எத்தனை என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். போர்டில் படமும் போடுவேன். ஆனால் வேலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையைக் காட்டி, இது என்ன மிஸ் என்று கேட்டால் தொலைந்தேன். காக்கா, மைனா, கிளி என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு, பெல் அடித்துவிட்டதா பார் என்று பேச்சை மாற்றிவிடுவேன். திண்டிவனத்துக்கு வெளியே நாங்கள் வீடு கட்டிய வருஷத்தில் இந்த வண்டவாளம் வெளியே வந்தது.

அந்த வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது மணல். மனையில் ஒரு கல்கூட வைப்பதற்கு முன்னால், மூன்று வருஷம் முன்பே, என் கணவர் ஆத்து மணல் வாங்கிக் கொட்டிவிட்டார். மற்ற வேலைக்கெல்லாம் கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் போதும், பூச்சுக்கு மட்டும் ஆத்து மணல்தான் என்பது அவர் கொள்கை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போய் அந்தக் குவியலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். மூன்று மழைக்காலம் அதன்மேல் பெய்தது. புல் முளைத்தது. குவியல் இறுகிக் குட்டி மலை மாதிரி ஆனது. கடைசியில் வீடு எழும்பிப் பூச்சு வேலை தொடங்கியபோது, மேஸ்திரி அதன் ஒரு பக்கத்தைச் சுவர் மாதிரி நேராக வெட்டி வெட்டி எடுத்துச் சலித்தார்.

மேஸ்திரி பனமலைப் பக்கத்து ஆள். ஐம்பது வயது இருக்கும். காதில் பென்சில், இடுப்பில் டேப். எல்லா அறைகளையும் பூசி முடித்து, சமையலறையின் பின்பக்கச் சுவர் ஒன்று மட்டும் பாக்கி இருந்தபோது, அவர் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தது. தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர், பத்து நாள் வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, காலையிலேயே எனக்குப் போன் செய்தார்.

"டீச்சரம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. நம்ம மணல்ல ஆளு குடி வந்துட்டாங்க."

யாரோ குடிசை போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அவசரத்துக்குப் பட்டாவின் ஜெராக்ஸ் காப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

மேஸ்திரி வெட்டிவிட்டிருந்த நேர்ப்பக்கத்தில், மேலிருந்து ஒரு முழம் கீழே, எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டையின் வாயில் காலை இழுத்து இழுத்து உண்டான இரண்டு கோடுகள். கீழே புது மணல் விசிறி மாதிரி சரிந்து கிடந்தது. மேலே கரண்ட் ஒயரில் இரண்டு பறவைகள் உட்கார்ந்திருந்தன. உடம்பு முழுக்க இளந்தளிர்ப் பச்சை. தலையில் செம்பு நிறம் தடவிய மாதிரி இருந்தது. தாடைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே கறுப்புக் கயிறு கட்டிய மாதிரி ஒரு கோடு. கண்ணுக்கு மை. வளைந்த கறுப்பு அலகு. வாலின் நடுவிலிருந்து இரண்டு இறகு மட்டும் ஊசி போல நீண்டிருந்தது.

"கிளி மாதிரி இருக்கே" என்றேன்.

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிளி இல்லீங்க. பஞ்சுருட்டான். மண்ணுல வளை தோண்டி முட்ட வெக்கும்." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகக் கேட்டார்: "நீங்க பயாலஜி டீச்சர்தானுங்களே?"

சாயங்காலம் அலுவலகம் விட்டுக் கணவரும் வந்தார். வைகாசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். பத்திரிகை அச்சுக்குப் போயாகிவிட்டது. மணலில் குருவி இருந்தால், எந்தப் பக்கம் வெட்டினாலும் வளை இடியுமே, பின்சுவரை எப்படிப் பூசுவது என்று கேட்டார். வேறு மணல் வாங்கலாமே என்றேன். ஆத்து மணலை வைத்துக்கொண்டு எம்-சாண்டில் பூசுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டைக் கலைக்கவே கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். உண்மையைச் சொன்னால் அதில் ஜீவகாருண்யம் குறைவுதான். மேஸ்திரி முன்னால் போன மானத்தைக் கொஞ்சமாவது திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது.

மேஸ்திரி தன் பங்குக்கு, "தீ மெறிச்சுட்டு வந்து ரெண்டு நாள்கூட ஆவல சார். கூட்டுல கை வெக்க என்னால முடியாது. நீங்க வேணா கலைச்சுக்கோங்க" என்று மண்வெட்டியை நீட்டினார்.

கணவர் வாங்கிக்கொண்டு குவியலிடம் போனார். ஒயரில் இருந்த ஒரு பறவை தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். மண்வெட்டியோடு திரும்பி வந்தார்.

"கைப்பிடி லூசா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்குக் கோடை விடுமுறை. மேஸ்திரியும் ஆட்களும் தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்க, நான் ஒரு நோட்டும் குடையுமாக மணல் குவியலைப் பார்க்கும்படி உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை. பறவை ஒரு தும்பியைப் பிடித்து வந்து ஒயரில் உட்காரும். தும்பி அலகிலேயே இருக்கும். நான் அதைப் பார்ப்பேன், அது என்னைப் பார்க்கும். இருபது நிமிஷம் ஆனாலும் ஓட்டைக்குள் போகாது. நான் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் தும்பியும் இருக்காது, பறவையும் இருக்காது.

இரண்டாம் நாள் மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். "நாம பாத்துக்கினு இருந்தா போவாது டீச்சரம்மா. வூட்டைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு நெனைக்குது. தூணுக்குப் பின்னால நின்னா பாருங்க, தைரியமாப் போவுது."

சோதித்துப் பார்த்தோம். நான் ஓட்டை தெரியும் இடத்தில் நின்றால் பறவை ஒயரை விட்டு இறங்காது. அதே தூரத்தில், ஓட்டை எனக்குத் தெரியாதபடி தூணின் மறுபக்கம் நின்றால், என் கண் முன்னாலேயே பறந்து உள்ளே போய்விடும். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து மேஸ்திரி சைட்டில் ஒரு சட்டம் போட்டார். மணல் பக்கம் நடப்பவர்கள் முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் நடக்க வேண்டும். சித்தாள் வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் தலையில் சிமெண்ட் சட்டியோடு கழுத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். டைல்ஸ்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நடப்பார். ஒரு நாள் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் வாசலில் நின்று இதைக் கவனித்துவிட்டு, "ஏங்க, எல்லாரும் கோச்சிக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டார்.

படித்துத் தெரிந்துகொண்டதையும் கண்ணால் பார்த்ததையும் நோட்டில் எழுதினேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து தோண்டும். உள்ளே உருண்டையாக, பீங்கான் மாதிரிப் பளபளக்கும் வெள்ளை முட்டைகள் இருக்கும். இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். இரை பறந்தால்தான் அதற்கு இரை. தரையில் ஊர்வதைத் திரும்பியும் பார்க்காது. தேனீயையோ குளவியையோ பிடித்தால் உடனே விழுங்காது. ஒயரில் வைத்து இரண்டு பக்கமும் அடித்து, கொடுக்கைத் தேய்த்து, விஷத்தைப் பிழிந்துவிட்டுத்தான் சாப்பிடும். அந்த அடி டக், டக் என்று நன்றாகக் கேட்கும்.

எனக்குக் கேட்டது பக்கத்து மனை பாய்க்கும் கேட்டது. பிரச்சினை அங்கேதான் முளைத்தது.

பாய்க்குக் கோட்டக்குப்பம் சொந்த ஊர். குவைத்தில் இருபது வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, எங்களுக்கு அடுத்து தென்னந்தோப்பு ஒன்றை வாங்கி, நிழலில் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். டக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் நெஞ்சில் அடித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் தலையில் ஈரத் துண்டோடு வேலி ஓரம் வந்து நின்றார்.

"என்னம்மா டீச்சர், நீங்க பாட்டுக்கு மணல்ல குடி வெச்சுட்டீங்க. சாப்பாடு நம்ம கடையிலயா?"

"அது எங்க குருவி இல்லீங்க பாய். தானா வந்தது."

"தானா வந்துச்சு சரி. ஒங்க மணல்லதானே தங்குது? ஒங்க ஒயர்லதானே குந்திக்கினு என் பிள்ளைங்கள அடிக்குது? பேஜாராப் போச்சும்மா."

தும்பியும் ஈசலும்கூடப் பிடிக்கிறது என்றேன். குளவியைத் தின்பதால் பெட்டிக்கு நல்லதுதான் என்றும் சேர்த்துக்கொண்டேன். பாய் என்னை நம்பவில்லை. மறுநாளிலிருந்து வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பறவைகளை முறைக்க ஆரம்பித்தார். அவர் முறைக்கும் இடத்திலிருந்து ஓட்டை தெரியாது. அதனால் பறவைகள் அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எதிரிலேயே ஜோராகப் போய் வந்தன.

வைகாசி பிறந்தது. வளைக்குள்ளிருந்து மெல்லிய கிறுகிறுப்புச் சத்தம் வரத் தொடங்கியது. குஞ்சு பொரித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் திருவாமாத்தூரில் இருக்கும் அவர் சித்தப்பா வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தோம். மேஸ்திரிக்கும் அன்று லீவு. மத்தியானம் பாயிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"டீச்சர், கீரிம்மா. குருவிங்க கத்துதேன்னு எட்டிப் பாத்தா, ஒங்க மணல்ல முன்னங்கால வெச்சு பறிச்சுக்கினு இருந்துச்சு. ஓட்டையே அகலமாப் போச்சு. ஜல்தியா வேலி தாண்டிக் குதிச்சு வெரட்டிட்டேன். ஒரு செருப்பு எங்க போச்சுன்னே தெரியல."

"அடிபடலியே பாய்?"

"முட்டி தேஞ்சுடுச்சு. அது கெடக்குது. அதை நான் திட்டுனது முழுக்க அரபில. அவசரத்துக்கு அதுதான் வருது, என்ன பண்ண."

நாங்கள் திரும்பி வந்தபோது பாய் தன் பெட்டிகளுக்கு வாங்கி வைத்திருந்த கம்பி வலையைக் கொண்டுவந்து, ஓட்டைக்குக் கீழேயும் பக்கத்திலும் குத்தி நிறுத்தியிருந்தார். பறவை போக வழி விட்டு, கீரி ஏற வழி அடைத்திருந்தார். கணவர் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பாய்க்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இதுக்காக என் தேனீய தின்னது சரின்னு சொல்ல வரல சார். அது வேற கேசு" என்றார்.

கிரகப்பிரவேசம் குறித்த நாளில் நடந்தது. சமையல் பந்தல் மணல் பக்கம் போடுவதாக இருந்ததை, பாய் தன் தோப்பின் மறுகோடியில் போட்டுக்கொள்ளச் சொன்னார். பின்சுவர் பூசாமல் செங்கல்லாகவே நின்றது. வருகிற சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று கணவர் ராத்திரியெல்லாம் புரண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்த அவர் அண்ணன் மகள்தான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"சித்தப்பா, எக்ஸ்போஸ்டு பிரிக்கா? சூப்பரா இருக்கு. இதுக்கெல்லாம் தனியா டிசைனர் வெக்கிறாங்க, தெரியுமா?"

கணவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு, "ஆமாம்மா, பிளான்லயே அப்படித்தான் போட்டோம்" என்றார். அன்று மத்தியானத்துக்குள் குறைந்தது பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவரைக் காட்டினார்.

பள்ளி திறந்து சில நாள் கழித்து, காலையில் விழுப்புரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒயரைப் பார்த்தேன். நான்கு குஞ்சுகள் ஒன்றோடொன்று தோள் இடிக்க வரிசையாக உட்கார்ந்திருந்தன. மங்கிய பச்சை. வாலில் ஊசி இல்லை, கழுத்தில் கறுப்புக் கோடு இல்லை. தாய் ஒரு தேனீயைக் கொண்டுவர, நான்கும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. முந்திக்கொண்ட குஞ்சு வாங்கி, விழுங்கத் தெரியாமல் கீழே போட்டுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாயின் குரல் மட்டும் வந்தது.

"அதையும் வேஸ்ட் பண்ணுதே."

இரண்டு வாரத்தில் எல்லாம் பறந்துவிட்டன. மேஸ்திரி கரண்டியோடு வந்து நின்றார். கணவர், சுவர் அப்படியே இருக்கட்டும், இப்போது அதுதான் ஃபேஷன் என்றார். மேஸ்திரியின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் கட்டுன வூட்ல ஒரு செவுரு மட்டும் அம்மணமா நிக்கும்னா, ஊர்ல என்னை இன்னா சார் பேசுவாங்க?"

கணவர் அசையவில்லை. மறுநாள் அவர் அலுவலகம் போனதும் மேஸ்திரி என்னிடம் வந்தார். எனக்கு அன்று உள்ளூர் விடுமுறை. சாரம் கட்ட இடம் காட்டினேன்.

முதலில் வளையை மேலிருந்து பொறுமையாகத் திறந்து, டேப்பை விட்டு அளந்தார். ஒரு மீட்டருக்கு மேலேயே போனது. கொஞ்சம் வளைந்து, கடைசியில் ஒரு சின்ன அறை. புல்லோ பஞ்சோ எதுவும் விரிக்கவில்லை. தரை முழுக்கத் தேனீ இறகும் வண்டு ஓடும் தும்பிச் சிறகும் கறுப்பு மெத்தையாகக் கிடந்தன. மேஸ்திரி முகத்தைக் கிட்டே கொண்டுபோய், சட்டென்று பின்வாங்கினார்.

"இன்னா நாத்தம் டீச்சரம்மா. ஆனா வேலை சுத்தம். கம்பி இல்ல, சிமெண்ட் இல்ல, ஒரு எடத்துல சரியல பாருங்க."

அந்தப் பகுதி மணலைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மீதியை இரண்டு தடவை சலித்தார். சல்லடையில் தங்கிய இறகுகள் வெயிலில் மினுமினுத்தன. சாயங்காலத்துக்குள் சுவரைப் பூசி, மட்டப்பலகை இழுத்து முடித்துவிட்டார்.

கணவர் வந்து ஈரச் சுவரின் முன்னால் நின்றார். விரலால் ஒரு இடத்தைத் தொட்டு, ஒட்டிய ஆத்து மணலைத் தேய்த்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று நானும் மேஸ்திரியும் காத்துக்கொண்டிருந்தோம். அவர் தண்ணீர்த் தொட்டியில் விரலைக் கழுவிக்கொண்டு வந்து, மேஸ்திரிக்கும் சேர்த்து டீ போடச் சொன்னார்.