கணுக்காலைப் பிடித்தவள்

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா இந்த அடிதடிப் புஸ்தகம்? கோலப் புஸ்தகம் தரவா?" மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர் கேட்டார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கேட்டுவிட்டு, அட்டை கிழிந்த மூன்று ஆங்கில காமிக்ஸ்களை எடுத்துக் கொடுத்தார். இன்று அதே அடிதடிக்காக கிளாஸ்கோவில் ஒரு காமிக்ஸ் கடை வரிசையில் நிற்கிறேன். இங்கே புது இதழ்கள் புதன்கிழமைதான் கடைக்கு வரும். எனக்கு முன்னால் கோட்டு போட்ட, தலை நரைத்த ஆண்கள். ஒவ்வொருவர் பெயரிலும் கடையில் ஒரு ஃபோல்டர் உண்டு; மாதாமாதம் அவர் படிக்கும் இதழை அதில் எடுத்து வைத்திருப்பார்கள். இதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு, வளையாமலிருக்கப் பின்னால் அட்டை வைத்துக் கொடுக்க, அவர்கள் கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொள்வார்கள். எனக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. மூன்று முறை சொன்னபிறகு என் பெயரைப் பிழையில்லாமல் எழுதினார்கள்.

எங்கள் ஊர் எழுமலையில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் முன்னும் பின்னும் இல்லாத இதழ்கள். நாயகர் அணி மொத்தமும் வில்லனிடம் சிக்கிக் கிடக்கும்போது இதழ் முடிந்துவிடும். எப்படித் தப்பித்தார்கள் என்று சொல்லும் அடுத்த மாத இதழ் கிடைக்கவே கிடைக்காது. அதை நானும் அம்மாவும் சேர்ந்து முடித்துவைப்போம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்; இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அடுத்தவர் தோட்டத்தில் மல்லிகை பறித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். வசன பலூனுக்குள் இருக்கும் இங்கிலீஷை நான் எங்கள் ஊர்த் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் கண் படத்தைவிட்டு நகராது. நான் பள்ளிக் கபடி அணியில் ஆடியவள். என் ஆட்டம் ஒன்றைக்கூட அம்மா விட்டதில்லை. காமிக்ஸையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பாள். பறக்கிறவன், நெருப்பு கக்குகிறவன், மலையைத் தூக்குகிறவள் என்று ஒவ்வொருவராகப் போய் அறை வாங்கித் திரும்பும் பக்கம் வந்தால் அவளுக்குப் பொறுக்காது.

"இம்புட்டுப் பேரு இருக்காய்ங்க. ஒவ்வொருத்தனாப் போயி அடி வாங்குறாய்ங்களே, சேந்து புடிச்சா என்னவாம்?"

அந்தக் கேள்வியைத்தான் இங்கே வரைந்தேன். பகலில் எனக்கு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்தக் காமிக்ஸ் கடையின் மாடியில் உள்ளூர்க்காரர்கள் சிலர் கூடி மாதம் ஒரு இதழ் போடுகிறார்கள். ஆளுக்கு ஆறு பக்கம். ஃபியோனா என்ற பெண்தான் ஆசிரியர். தேர்வானால் என் பெயர் அச்சில் வரும். ரேஷன் கார்டையும் கல்யாணப் பத்திரிகையையும் தாண்டி எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. ஏழு பெண்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று ஓர் அரக்கனை வளைப்பதுபோல் வரைந்து கொண்டுபோனேன். ஃபியோனா வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர்கள் பயந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா, இல்லை நடனமா என்று கேட்டாள். நான் கால்மணி நேரம் கபடியை விளக்கினேன். பந்து எங்கே என்றாள். கடைசியில், ஒவ்வொருத்திக்கும் ஒரு சக்தி கொடு, ஒரு தலைவியை வை, வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிக்கொண்டு வா என்றாள். இல்லையென்றால் அந்த ஆறு பக்கம் வேறொருவருக்கு.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் மதிய இடைவேளையில் அம்மாவை வீடியோவில் அழைத்து, ஃபியோனா கேட்டதைச் சொல்லி, பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இவளுகளுக்கு என்ன தெரியும் என்று எனக்காகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா போனைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ள கேட்டதுல என்னத்தா தப்பு? எனக்கே கும்மி அடிக்கிற மாதிரித்தான் தெரியுது."

சங்கிலி வரும் பக்கத்தை மறுபடி எடுத்து கேமரா முன்னால் பிடித்தேன்.

"கார்னர்ல நிக்கிறவ எங்க? ஒருத்தி விழுந்து கணுக்காலப் புடிச்சாத்தான மத்தவளுக பாய முடியும்? நீ போட்டவளுக ஒருத்தி முட்டியிலயும் மண்ணு இல்லையே."

நான்தான் அந்த கார்னர். நான்கு வருடம் அந்த மூலையில் நின்று, எதிரணிக்காரி கபடி பாடிக்கொண்டு வரும்போது அவள் காலில் விழுந்தவள். முட்டித் தழும்பு இன்னும் இருக்கிறது. இங்கே வந்து, உறையில் போட்ட இதழ்களைப் பார்த்துப் பார்த்து, என் பெண்களை அழுக்குப் படாமல் நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறேன். ஃபியோனா கேட்டது தவறான கேள்வி. ஆனால் அவளைக் கேட்க வைத்தது என் படம்.

மூன்று மாலைகள் உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். யாருக்கும் சக்தி கொடுக்கவில்லை. ஒருத்தி பாய்ந்து அரக்கனின் கணுக்காலைப் பிடிக்கிறாள். கன்னம் மண்ணில் தேய்கிறது, விடவில்லை. அவன் தடுமாறும் அந்த நொடியில் மற்ற ஆறு பேரின் சங்கிலி அவன்மேல் இறுகுகிறது. தூசியும் கால்களுமாகக் கட்டம் நிறைந்துவிட்டதால் வசன பலூன்களுக்கு இடமில்லை. முதலில் வருத்தமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, இதைப் படிக்க அம்மாவுக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டாம். இருந்த ஒன்றிரண்டு பலூனையும் நானே அழித்தேன்.

வெள்ளிக்கிழமை ஃபியோனா பக்கங்களை மெதுவாகத் திருப்பினாள். கணுக்கால் கட்டத்தில் அவள் விரல் நின்றது.

"இவள்தான் தலைவியா?"

"இல்லை. கார்னர்."

அவளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. எந்த மூலை என்று கேட்டாள். ஆனாலும் அந்தக் கட்டத்தை இன்னொரு முறை பார்த்துச் சிரித்துவிட்டு, இந்த மாதப் பட்டியலில் என் பெயரை எழுதினாள்.

அடுத்த மாதக் கதைக்கு முதல் கட்டத்தை நேற்றே மையால் வரைந்து முடித்துவிட்டேன். இம்முறை என் பெண் எதிரணியின் பாதிக்குள் தனியாகப் பாடிப் போயிருக்கிறாள். நான்கு பேர் அவள் காலையும் இடுப்பையும் பிடித்து அமுக்க, உடம்பு முழுக்க அந்தப் பக்கத்து மண்ணில் குப்புறக் கிடக்கிறது. வலது கை மட்டும் பின்னால் நீண்டு, ஒரு விரல் நுனி நடுக்கோட்டுச் சுண்ணாம்பைத் தொட்டிருக்கிறது. கபடியில் அது போதும். ஆள் ஊர் வந்து சேர்ந்ததாகத்தான் அர்த்தம்.