டப்பாவில் எழுதியிருந்த இறால்

அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம். டிஸ்பென்சரி நர்ஸ் பார்த்துவிட்டு, ரத்தம் போதாது, இப்படியே போனால் பிரசவத்தைத் தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டாள். கீரையும் பருப்பும் தின்னச் சொன்னாள். அண்ணிக்கோ சோற்று வாசம் வந்தாலே குமட்டல். அவள் வயிற்றில் தங்கியது ஒன்றுதான்: எங்கள் ஊர் லாங் மவுண்டனில் உள்ள சீனர் கடையில் தகர டப்பாவிலிருந்து அள்ளித் தரும் வண்ண வில்லைகள். காய்ந்த வில்லை கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். எண்ணெயில் போட்டால் உப்பி உள்ளங்கை அளவாகிவிடும். காலையில் ஒரு தட்டு, மாலையில் ஒரு தட்டு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். சத்துணவைப் பற்றிப் படித்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாத வயது. ஒரு நாள் தட்டு நிறையப் பொரித்ததை அண்ணி கண்ணெதிரே நொறுக்கித் தேநீர்க் கோப்பையில் கொட்டினேன். பாதிக் கோப்பைகூட நிறையவில்லை.

"பாத்தீங்களா அண்ணி, மீதியெல்லாம் வெறும் காத்து."

"காத்தாச்சும் உள்ள தங்குதே தம்பி. உங்க பருப்பு தங்கலியே. நொறுக்கினத நீங்களே தின்னுங்க, எனக்கு வேற பொரிச்சுக் குடுங்க."

மேற்கொண்டு வாதிட எனக்குச் சான்று வேண்டியிருந்தது. கடைக்குப் போய், இதை எதில் செய்கிறார்கள் என்று கேட்டேன். 'பா கோனே', தெரியாது என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் டப்பாவையே என் பக்கம் திருப்பினார். பக்கவாட்டில் பொடி ஆங்கில எழுத்து. மரவள்ளி மாவு, இறால், உப்பு, சர்க்கரை, சாயம்.

இறாலில் நின்றுவிட்டேன். கோயிலில் காவடிக்குக் கொடி ஏறி நான்கு நாள் ஆகியிருந்தது. அண்ணன் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். வீடே மீன், கறி தொடாமல் விரதம். சட்டிகளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்திருந்தோம். அந்தச் சட்டியில்தான் நான்கு நாளும் இறாலைப் பொரித்திருக்கிறோம். வாசம் வரத்தான் செய்தது. பழைய எண்ணெய் என்று நினைத்துக்கொண்டோம்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ஆனால் சத்தில்லை என்று காட்ட டப்பாவைச் சாட்சிக்கு இழுத்துவிட்டு, பாதியை மட்டும் படித்துச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

"இறாலா?" என்றாள் அண்ணி. கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சத்து இருக்குல்ல?"

"பேருக்குத்தான் அண்ணி. மாவும் உப்பும்தான் நெறைய."

அப்புறம்தான் அவளுக்கு விரதம் உறைத்தது. தட்டைத் தள்ளி வைத்தவள் அன்று முழுக்கத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. இருந்த ஒரே ஆகாரத்தையும் பறித்துவிட்டேனோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் கரும்புக்குக் களை எடுத்துவிட்டு வந்த அண்ணனிடம் அவளே சொன்னாள். அவன் கை கால் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தெரியாமத் தின்னதுக்கு முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. சட்டியத் தேச்சுடலாம். நான் எதுக்குக் காவடி எடுக்கறேன்? நீயும் புள்ளையும் நல்லா இருக்கத்தானே. நீ சாப்புடலேன்னா நான் சும்மா ஒரு கட்டையத் தூக்கிட்டு நடக்கணும்."

"சோறு எறங்கலியே."

"எறங்கற மட்டும் தின்னு. ஒரு வாய்."

முருங்கைக் கீரையை உருவிப் பருப்போடு வேகவைத்தேன். நன்றாக ஆறவிட்டுக் கொடு, வாசம் அடிக்காது என்றான் அண்ணன். நான் படித்த எந்தப் பாடத்திலும் அது இல்லை. அண்ணி மூன்று வாய் தின்றாள். தங்கியது. மறுநாள் ஐந்து. காவடி நாளுக்குள் ஒரு கிண்ணம் முழுக்க இறங்கியது.

காவடி முடிந்த மறுநாள் அண்ணனே போய் வில்லை வாங்கி வந்தான். சோறு தின்ற பிறகு நாலு, அதற்குமேல் இல்லை என்று பேச்சு. அண்ணி ஆறு எடுப்பாள். கீரைச்சோறு உள்ளே போயிருந்ததால் நான் பாடம் எடுக்கவில்லை. மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.