லேசான ஃப்ளைவீலும் ஒரு ஜெனரல் சர்வீசும்

கிளட்ச் வேலை பாக்கறவனாண்ட எவனும் சிரிச்சிகினு வர மாட்டான். ஒண்ணு வண்டி மேட்டுல நின்னிருக்கும், இல்ல வூட்டுல சண்டை நடந்திருக்கும். ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல அரை கிளட்ச்ல இடது காலை அடகு வச்சிட்டு ஆபீஸ் போற மகா ஜனங்களே, கேளம்பாக்கத்துல ஷெட் போட்டுக் குந்திகினு கீற நானும் உங்க ஜாதிதான். கேளுங்க.

கிரைண்டர் கல்லு

விக்னேஷ்னு ஒரு கஸ்டமரு. கோயம்புத்தூர்காரு, ஐ.டி. வேலை, பக்கத்துலயே ஃபிளாட்டு. சின்ன பெட்ரோல் காரு ஒண்ணு. ஞாயித்துக்கிழமையானா ஃப்ரெண்டுங்களோட நெம்மேலி தாண்டி மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிட்டு, இட்லி துன்னுட்டு வருவாரு. வீடியோவா பாத்துத் தள்ளிட்டு ஒரு நாள் வந்து, "இருக்கறதுலயே லேசான அலுமினிய ஃப்ளைவீல் போடுங்ணா. கூடவே பட்டன் வச்ச செராமிக் கிளட்ச் பிளேட்டு"ன்னாரு.

நான் பொறுமையாத்தான் சொன்னேன். ஃப்ளைவீல்ன்றது இன்ஜினுக்குப் பின்னாடி சுத்தற கனமான இரும்புச் சக்கரம். மாவு கிரைண்டரை ஆஃப் பண்ணாலும் கல்லு உடனே நிக்காம கொஞ்சம் சுத்துதில்ல, அந்தக் கனம்தான் சிக்னல்ல வண்டி ஆஃப் ஆவாம காப்பாத்துது. அதை லேசாக்கிட்டா, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் இன்ஜின் விர்ருனு ஏறும். காலை எடுத்தா அதே வேகத்துல எறங்கிடும். பட்டன் பிளேட்டுக்கு அரை கிளட்ச்னா இன்னான்னே தெரியாது. புடிச்சா புடி, வுட்டா வுடு. "ரோட்டு வண்டிக்கு, கொஞ்சமா கனம் கொறைச்ச ஸ்டீல் ஃப்ளைவீலும் சாதா பிளேட்டும் போதும். இன்னா, ரேசா ஓட்டப் போறே?"ன்னேன்.

மனுசன் காதுலயே வாங்கல. சரி, கடைசியா ஒண்ணு கேட்டுடுவோம்னு, "வூட்டுல வேற யாருனா இந்த வண்டிய ஓட்றாங்களா?"ன்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, வண்டியப் பாத்துகினே சொன்னாரு: "இல்லீங்ணா, நான் மட்டுந்தான்."

பூசாரி தப்பிச்சாரு

வேலை முடிச்சு டெஸ்ட்டுக்கு எடுத்த நானே எங்க கேட்டாண்ட வண்டிய ஆஃப் பண்ணிட்டேன். எங்க கியர்பாக்ஸ் மெக்கானிக் முரளி அண்ணாத்தக்கு ஒரே சிரிப்பு. இத்தினி வருசமா கிளட்ச் வேலை பாக்கறவன் மானம் போச்சு.

பெரிய வேலை முடிஞ்ச வண்டின்னா, எதிர்ல இருக்கிற அம்மன் கோயில்ல நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுத்தான் கெளம்பணும். அது எங்க ஷெட்டு வழக்கம். பூசாரி கற்பூரம் காட்டிட்டு, "மெதுவா வுடு"ன்னாரு. விக்னேஷ் மெதுவா வுட்டாரு. பழத்தை முட்டிகினு வண்டி ஆஃப்! சகுனம் இப்படி ஆயிடுச்சேன்னு அவரு மூஞ்சி செத்துப் போச்சு. அடுத்த தபா ரோஷமா ஆக்சிலேட்டரை மிதிச்சாரு பாருங்க, வண்டி எகிறுன எகிறுல நாலு பழமும் கூழு, பூசாரி தட்டோட கோயில் படி மேல. மூச்சு வாங்கிகினு அங்கேருந்தே கத்துனாரு: "யப்பா நைனா, பழத்தைத்தான் நசுக்கச் சொன்னேன், என்னைய இல்ல!"

கோலிகுண்டு சத்தம்

கொஞ்ச நாள்ல விக்னேஷ் ஃபோன் பண்ணாரு. வண்டி சும்மா நிக்கும்போது கடகடன்னு சத்தம் வருதாம். லேசான ஃப்ளைவீல் போட்டா அது வர்றதுதான். கியர்பாக்ஸ் உள்ள பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும், பயப்பட ஒண்ணுமில்ல. இருந்தாலும் ஃபிளாட்டுக்கே போய் வெளக்கிகினு இருந்தேன்.

அந்த ஃபிளாட்டு வாட்ச்மேன் பக்கத்துல வந்து நின்னு, "இன்னா சார், டப்பாவுல கோலிகுண்டு போட்டு ஆட்டற மாதிரி கீது?"ன்னாரு. "அதெல்லாம் நார்மல்"னு சொல்லிட்டு விக்னேஷ் அவசரமா ஃபோனை நோண்ட ஆரம்பிச்சாரு. வாட்ச்மேன் வுடுவாரா? "இன்னா நார்மலு? டெய்லி காத்தால மேடம் வண்டிய எடுக்கறப்போ கேட்டாண்டயே ஆஃப் ஆயி ஆயி நிக்குது, பாவம்!"

அந்த மேடம்

அடுத்த வாரமே அந்த மேடம் வந்தாங்க, தனியா. விக்னேஷோட வூட்டுக்காரம்மா, பேரு சரண்யா. கல்பாக்கத்துல வேலை. டெய்லி காரை ஓட்டிகினு போறது அவங்கதான். நம்ம ரேஸ்காரரு போறது கம்பெனி பஸ்ஸுல!

"நல்லாத்தானுங்ணா ஓட்டிட்டு இருந்தேன். ஜெனரல் சர்வீஸ்னு சொல்லி எடுத்துட்டுப் போயிட்டு வந்தாரு. அதுலருந்து எனக்கு ஓட்டவே வரமாட்டேங்குதுங்க"ன்னாங்க. மொத நாள் திருப்போரூர் திருப்பத்துல நடு ரோட்டுல நின்னு போச்சாம். பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன்லேருந்து கையை எடுக்கவே இல்லையாம். லேடீஸுக்கு எதுக்கு காருன்னு எவனோ கத்திட்டுப் போயிருக்கான். "அவரு பெங்களூர் போயிருக்காருங்க. பெடலை மட்டும் ஒருக்கா பாத்துக் குடுங்க. இதுக்கும் சரியாகலைன்னா நான் இனிமே ஓட்டப் போறதில்லீங்ணா." கண்ணு கலங்கிடுச்சு.

ஒரு தப்பும் பண்ணாத பொண்ணு தன்னைத்தானே திட்டிகினு கீதே! கஸ்டமர் ரகசியமாவது மண்ணாங்கட்டியாவதுன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். கண்ணைத் தொடச்சிகினு, "அப்ப எனக்கு ஓட்டத் தெரியுங்களா?"ன்னாங்க. "இந்த வண்டிய கல்பாக்கம் வரைக்கும் ஓட்டிகினு போயிருக்கீங்க. என்னால எங்க கேட்டையே தாண்ட முடியல மேடம்"னேன். அப்பதான் சிரிச்சாங்க.

பழைய ஃப்ளைவீலும் பிளேட்டும் கோணியில சுத்தி மூலையிலதான் கிடந்துது. சாயங்காலம் வரைக்கும் கூடவே உக்காந்து அதையே மாட்டச் சொல்லி, சாவிய வாங்கிகினு சொன்னாங்க: "வண்டி எம்பேருலதானுங்ணா இருக்குது. அவரு கேட்டா ஜெனரல் சர்வீஸ்னு சொல்லிருங்க."

ஞாயித்துக்கிழமை

மாமல்லபுரம் போயிட்டுத் திரும்பற வழியில காரு நேரா எங்க ஷெட்டுக்குள்ள வந்துது. "மாட்டிகினோம்டா"ன்னாரு முரளி அண்ணாத்த. பாத்தா, ஸ்டியரிங்ல சரண்யா மேடம். மேடேறி, மெதுவா, ஒரு குலுக்கல் இல்லாம கொண்டாந்து நிறுத்துனாங்க. பக்கத்து சீட்லேருந்து விக்னேஷ் குதிச்சு எறங்குனாரு, மூஞ்சி பூரா பல்லு.

டீ வாங்கிக் குடுத்தோம். ஒரு வாய் குடிச்சிட்டு, கிளாஸை மூலையில இருந்த கோணி மூட்டை மேல வச்சாரு. அதுக்குள்ளதான் அவரோட அலுமினிய ஃப்ளைவீல் கீது. முரளி அண்ணாத்த இருமிகினே எழுந்து வெளியே போயிட்டாரு. மேடம் என்னையப் பாத்து இமைகூட ஆட்டல. விக்னேஷ் என் தோள்ல தட்டிச் சொன்னாரு: "நீங்க வேற பயமுறுத்திட்டீங்க! லேசான ஃப்ளைவீல் ஓட ஓட எப்படி செட் ஆயிருச்சு பாத்தீங்களாங்ணா? இவளே பூ மாதிரி ஓட்டறா!"

அதுலேருந்து, ஃப்ளைவீலு லேசா வோணும்னு யார் வந்து நின்னாலும் நான் வண்டியப் பாக்கறதில்ல, காத்தால சாவிய எடுத்துகினு போறது யாருன்னுதான் கேக்கறேன்.