ஏழு ஆட்டங்களுக்கு ஒரு தலைமைப் பதவி

அவர் வீட்டில் மூன்றாவது பிள்ளை. தகப்பனார் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். இருபத்தேழாம் வயதில் வலது முழங்காலின் தசைநார் அறுந்ததோடு அவருடைய கால்பந்து ஆட்டம் முடிந்தது. பயிற்சியாளர் தேர்வை இரண்டாம் முறை எழுதித் தேறினார். நகரத்தின் இரண்டாம் நிலை அணியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தபோது நடந்தது இது. மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவர். ஒரு மகள். அணியில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் கிடையாது; விசில் அண்ணன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போயிருந்தார்கள். மூவரும் பருவத்தின் பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் முதலாமவர், விசில் சேர்வதற்குச் சற்று முன் இதே துணைப் பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து மேலே போனவர். தோற்றபோது அவருக்குப் பழைய நாற்காலியும் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது பேருந்து நிலையத்தின் எதிரே கைப்பேசி பழுது பார்க்கிறார்.

மூன்றாமவரை அனுப்பிய மறுநாள் காலை, சங்கத்தின் செயலாளர் விசிலைத் தம் அறைக்கு அழைத்தார். வழக்கமாக நிற்க வைத்தே பேசுகிறவர், அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசையைச் சுற்றி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார். கதவையும் தாமே சாத்தினார். விசிலுக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

"இன்னும் ஏழு ஆட்டம் இருக்கு. நீயே தலைமையை எடுத்துக்க. பசங்க உன் பேச்சைத்தான் கேக்குறாங்க."

"ஏழு ஆட்டத்துக்கா சார், இல்ல அதுக்கப்புறமுமா?"

"முதல்ல எடுத்துக்கயேன். அப்புறத்தை அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்குச் சொல்லிடு."

அப்புறம் என்ற அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே விசில் படியிறங்கினார். கீழே சட்டை அறை. வீரர்களின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் சட்டைக்காரர், விளம்பரப் படம் எடுப்பதற்காக முன்னதாகவே வந்துவிட்ட அடுத்த பருவத்துச் சட்டைகளின் முதுகில், சூடான இரும்பை அழுத்திப் பெயரும் எண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்தவை கம்பியில் வரிசையாகத் தொங்கின. மூன்று மட்டும் முதுகு வெறுமையாக ஓரத்தில் மடித்துக் கிடந்தன. விசில் அளவையும் கம்பியில் விடுபட்ட பெயர்களையும் பார்த்தார். அணியின் தலைவன், முன்வரிசைக்காரன், இலக்குக் காவலன்: அணியைத் தாங்கி நிற்கும் அந்த மூவருடையவை.

"இது என்ன?"

"செயலாளர் நிறுத்திவைன்னாரு, நிறுத்திட்டேன். நான் சொன்னேன்னு எங்கயும் வாயைத் திறந்துடாதீங்கண்ணே. ஏற்கெனவே என்மேல கடுப்புல இருக்காரு."

காரணத்தை அவர் கேட்கவில்லை. ஒரு வீரன் கால் வலிக்கிறது என்றால் எங்கே, எப்போதிருந்து, படியேறும்போதா இறங்கும்போதா என்று துருவித் துருவிக் கேட்கிற மனிதர், அங்கே ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே வந்தார். மனத்துக்குள் கணக்கு முடிந்துவிட்டிருந்தது. மூவரையும் விற்கப்போகிறார்கள். போகிறவர்கள் இந்த ஏழு ஆட்டத்தில் உயிரைக் கொடுத்து ஆடமாட்டார்கள்; அணி கீழ்நிலைக்கு இறங்கும். அப்போது ஊர் காறித் துப்ப ஒரு முகம் வேண்டும். அதற்குத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாலையில் மனைவி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒம்பது வருஷமா மத்தவங்க பண்ற தப்பை வீட்டுல வந்து எனக்குப் பாடமா எடுத்தீங்க. இப்ப உங்க கையில குடுத்தா கையைச் சுடுதுங்கறீங்க."

"பலிகடாவுக்கு மாலை போடுறாங்கம்மா. உனக்குப் புரியல."

"மூணு சட்டையில பேரில்ல, அவ்வளவுதான? அந்த ஆள்கிட்டயே நேரா கேளுங்களேன்."

"கேட்டா யாரு சொன்னதுன்னு தெரிஞ்சுடும். சட்டைக்காரனைத் தூக்கிடுவாங்க."

"நீங்க சந்தேகப்படாத ஒரே ஆளு நான்தான். அதுவே எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. தோற்றால் இரண்டு நாற்காலியும் போய்விடும். மகள் அந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். இன்னொன்றும் இருந்தது, அதை மனைவியிடம் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன் வீரர்களின் கணுக்காலில் பட்டை சுற்றிவிடுவது அவர் வேலை. பாதத்தைப் பிடித்திருப்பவரிடம் பையன்கள் வலியை மறைப்பதில்லை. தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவாரே என்று பயந்து, எல்லாவற்றையும் இவரிடம் கொட்டுவார்கள். மேலே போய்விட்டால் நம்மிடமும் எல்லோரும் நலம் என்றுதான் சொல்வார்கள் என்ற எண்ணம் அவரை அரித்தது.

மறுநாள் செயலாளரிடம், "சீசன் முடியட்டும் சார். அடுத்த வருஷம் முதல்லேர்ந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

செயலாளர் அன்று மேசைக்கு அந்தப் பக்கத்திலேயே இருந்தார். "காத்திருக்கிறது உன் இஷ்டம். உனக்காக நான் காத்திருப்பேன்னு நெனைச்சுக்காத."

அந்த வார இறுதிக்குள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஏழு ஆட்டங்களில் நான்கில் வென்று அணி கீழ்நிலைக்கு இறங்காமல் தப்பியது. அந்த ஏழு ஆட்டங்களையும் ஓரத்திலிருந்து பார்த்த விசில், விற்பனைச் செய்தி இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. புதிய பருவத்தின் முதல் நாள் மூவரும் பெயர் ஒட்டிய சட்டையோடு மைதானத்துக்கு வந்தார்கள். எண்கள் மட்டும் மாறியிருந்தன.

அவர் நேரே சட்டை அறைக்குப் போனார்.

"மூணு பேரும் நம்பரை மாத்தணும்னு அடம் புடிச்சாங்கண்ணே. லீக்லேர்ந்து அனுமதி வர்ற வரைக்கும் ஒட்டாதன்னாரு. பழைய நம்பரை ஒட்டிட்டு அப்புறம் உரிச்சா துணி கிழிஞ்சிடுமில்ல?"

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கவேயில்லையேண்ணே!"

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று பின்னாளில் அவரே சொன்னதுண்டு. செயலாளர் அன்று ஏன் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்பதற்கு மட்டும் கடைசிவரை விளக்கம் கிடைக்கவில்லை. அதில் ஏதோ இருந்தது என்றே அவர் வாதாடுவார். தலைமைப் பதவி கொடுப்பவன் பக்கத்தில் உட்காராமல் கூரையிலா உட்காருவான் என்பார் மனைவி. குடும்பத்தில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அன்று எடுத்திருந்தால் அந்த நான்கு வெற்றியும் வந்திருக்காது என்பவர்களிடமும் ஆதாரம் இல்லை, வந்திருக்கும் என்பவர்களிடமும் இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து வெளியூர்க்காரர் தாமாக விலகிப் போன அன்று, அப்போதைய செயலாளர் தொலைபேசியில் கேட்டார். எத்தனை ஆட்டத்துக்கு என்றுகூட விசில் விசாரிக்காமல் சரி என்றார். கணுக்காலில் பட்டை சுற்றும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பையன்கள் முன்போல் பேசினார்களா என்று கேட்டால், "பேசுனாங்க. ஆனா முழுசா சொன்னாங்களான்னு யாரு கண்டா?" என்பார்.

துணைப் பயிற்சியாளராகப் பதினைந்து ஆண்டுகள். தலைமைப் பயிற்சியாளராக மூன்று.