துண்டுக்கடியில் ஒரு லேப்டாப்

கரியாலூர் ராஜாங்கம் முப்பது வருஷமாக மாட்டுத் தரகர். தொழிலில் அவருக்கு ஒரே சட்டம்தான்: பிடித்த மாட்டைப் பழிக்க வேண்டும், தள்ளிவிட வேண்டிய மாட்டைப் புகழ வேண்டும். ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும். சிக்கல் என்னவென்றால், மனுஷன் இந்தச் சட்டத்தைச் சந்தையோடு விட்டுவிட்டு வரவில்லை. குழம்பு பிரமாதம் என்று அவர் சொன்னால் மனைவி ஜெயம்மாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். உப்புச்சப்பில்லை என்றால் இன்னொரு கரண்டி ஊற்றுவாள். மகள் கோகிலவாணி பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கி வந்த அன்றும், "இன்னா, கம்மியா போட்டுக்கீறாங்க" என்றுதான் சொன்னார்.

அந்தக் கோகிலவாணிக்கு இப்போது வேலை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரி பில்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கும் வேலை. திங்கட்கிழமை காலை சொந்த லேப்டாப்போடு உட்காராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை அப்பாவும் மகளும் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார்கள். அவர் மடியில் நாற்பதாயிரம் ரூபாய். அவள் கையில் ஒரு சீட்டு: எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி, நின்று உழைக்கிற பேட்டரி. அவர்கள் ஊர் மலைமேல்; அங்கே கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். அதனால் பேட்டரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

கடைக்காரர் அறிவுச்செல்வன் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, கனம், கேம் விளையாடுகிறவர்களுக்கானது, அறுபத்தைந்தாயிரம். இன்னொன்று சாம்பல் நிறம், ஒல்லி, பேட்டரி பத்து மணி நேரம் நிற்கும், முப்பத்தொன்பதாயிரம். அந்த மாடலில் கடையில் அது ஒன்றுதான் மிச்சம். சீட்டில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. ராஜாங்கத்துக்கும் பார்த்தவுடன் பிடித்துப்போனது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"இன்னாங்க இது, கஞ்சித்தண்ணி காணாத கன்னுக்குட்டி கணக்கா கீது?" மூடியைத் திறந்து, பல் பிடித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு கீயாக அழுத்தினார். "பல்லு ஆடுது." பிறகு கறுப்பைத் தட்டிக்கொடுத்தார். "இதுல்ல லட்சணம்! இன்னா உடம்பு, இன்னா கம்பீரம்!"

"அப்பா, அது நமக்கு வாணாம்ப்பா. ரெண்டு மணி நேரத்துல பேட்டரி படுத்துக்கும்."

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, தோளில் இருந்த துண்டை மேஜைமேல் விரித்தார். அதற்கடியில் அறிவுச்செல்வனின் கையை இழுத்து மூன்று விரலைப் பிடித்து அழுத்தினார். சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள், முப்பதாயிரம் என்று அர்த்தம். அறிவுச்செல்வன் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "இன்னாங்கய்யா பண்றீங்க?"

கோகிலவாணிக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ராஜாங்கமோ துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "படியாது, நட" என்று வெளியே வந்து எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார். "கூப்புடுவான் பாரு."

ஒரு டீ முடிந்தது. இரண்டு முடிந்தது. மூன்றாவது டீயில் அவருக்கே தொண்டை கசந்தது. திரும்பிப் போனபோது அறிவுச்செல்வன் சாம்பல் லேப்டாப்பைப் பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சின்னசேலத்துல ஒருத்தர் கேட்டுக்கினு இருந்தாரு, பஸ்ல அனுப்புறேன். நீங்கதான் புடிக்கலன்னுட்டீங்களே."

மகளின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ராஜாங்கம் போய்ப் பெட்டிமேல் கை வைத்தார். முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகாத வார்த்தை. வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல் திணறினார்.

"தம்பி... அது நல்ல சாமான்யா. பாத்ததுமே புடிச்சிப்போச்சி. நான்தான் சும்மா... நாளன்னிக்கி என் பொண்ணு வேலையில உக்காரணும்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா? அவருக்கு வேற ஒண்ணு வரவச்சித் தரேன், நீங்க எடுத்துக்கினு போங்க. இந்த வாரம் இதுக்கு ரெண்டாயிரம் கம்மி வேற. எங்க என்னைப் பேச வுட்டீங்க?"

மிச்சப்பட்ட இரண்டாயிரம் ராஜாங்கத்துக்குச் சந்தோஷமாக இல்லை. பேரம் பேசாமல் விலை குறைந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, சொல்லிவைத்ததுபோல் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, அடுத்த வீட்டு டிவி அடங்கியது. கோகிலவாணி மட்டும் நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தாள். வாசலில் நின்று ராஜாங்கம் வெகுநேரம் பார்த்தார்.

"கெட்டிக்காரிம்மா நீ" என்றார்.

அவள் கை அப்படியே நின்றது. அடுப்படியிலிருந்து ஜெயம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இன்னாப்பா, என்னை யார் தலையில கட்டப் பாக்குற?" என்றாள் மகள்.

ராஜாங்கம் துண்டைத் தேடினார். அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"விக்கறதுக்கு இல்ல" என்றார். "நெசமாத்தான் சொல்றேன்."