ஒன்றரை அடிச் சொல்லும் என் முழமும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓரம் பூ விற்றுப் பிழைத்தவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது. என் மனைவியின் தம்பி தியாகதுருகத்தில் இங்கிலீஷ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். பலகாரம் எதுவும் வாங்கி வரமாட்டான்; ஒரு புது இங்கிலீஷ் சொல்தான் கொண்டுவருவான். ஒன்பதாவது படித்த என் மகளுக்கு அதுதான் பலகாரம். வாசலிலேயே காத்துக் கிடப்பாள். நான் வெயிலில் நின்றுவிட்டு வந்தால், "வந்துட்டியாப்பா" என்றுகூடக் கேட்கமாட்டாள்.

பிள்ளைகளே, மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. அவனைப் பார்க்கிற மாதிரி என்னை ஒரு தடவை அவள் பார்த்தால் போதும் என்று இருந்தது.

ஒரு ஞாயிறு அவன் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய சொல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. செஸ்குவிபெடேலியன்.

"ரொம்ப நீளமான வார்த்தைய இப்படிச் சொல்லுவாங்க. அந்த மாதிரி வார்த்தையா போட்டுப் பேசுற ஆளையும் சொல்லலாம், அவரு பேச்சையும் சொல்லலாம். லத்தீன்லேர்ந்து வந்தது. செஸ்குவின்னா ஒன்றரை, பெட்னா பாதம். ஒன்றரை அடி நீளம்னுதான் மொத அர்த்தம். ரோமாபுரியில ஒரு கவிஞர், பெரிய பெரிய வார்த்தையா போடுறத 'ஒன்றரை அடி வார்த்தை'ன்னு கிண்டல் பண்ணாரு. அப்பறம் அது வார்த்தைக்குன்னே ஆயிடுச்சி."

"ஒன்றரை அடின்னா எம்மாம் நீளம் மாமா?" என்றாள் மகள்.

அவன் ஸ்கேலைத் தேடினான். நான் விடுவேனா? கட்டிக்கொண்டிருந்த பூவைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு ஸ்கேலு? ஒரு மொழம். அவ்ளோதான்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏங்கிய பார்வை அதுதான். ஆனால் ஸ்கேல் கிடைத்துவிட்டது. என் முழங்கையிலிருந்து வைத்து அளந்தாள். ஒன்றே கால் அடி!

"பூக்காரர் மொழம் ஆச்சே, கம்மியாத்தான் இருக்கும்," என்று மச்சான் சிரித்தான்.

கையைப் பார்த்தேன். விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. பூ அளக்கும்போது விரலை மடக்கிக்கொள்வது எங்கள் தொழிலில் பலருக்கும் கைப்பழக்கம். வாங்குகிறவர்கள் திட்டுவார்கள், நாங்கள் சிரித்து மழுப்புவோம். இப்போது கையில் பூவே இல்லை. பெற்ற மகள் முன்னாலும் மடங்கியிருக்கிறது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "வெரல நீட்டுப்பா," என்று ஒவ்வொரு விரலாக அவளே நிமிர்த்தினாள். மறுபடி அளந்தாள். சரியாக ஒன்றரை அடி.

"பாத்தியா மாமா? எங்கப்பா கை செஸ்குவிபெடேலியன்!"

"ஏய், கைக்கெல்லாம் அத இப்ப யாரும் சொல்றதில்ல. வார்த்தைக்குத்தான்."

"மொத அர்த்தம் ஒன்றரை அடின்னு நீதான சொன்ன?"

மனைவியிடம் வாத்தியாருக்கு டீ போடச் சொன்னேன். சக்கரை ஜாஸ்தியாகவே போடச் சொன்னேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் மகள் என் பூக்கூடையருகே நின்றாள். அப்போது ஒரு அம்மா இரண்டு முழம் கேட்டார். விரலை நீட்டி அளந்தேன்.

"இன்னா பூக்காரரே, ஒரே ராத்திரியில கை வளந்துடுச்சா?" என்றார் அந்த அம்மா. மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அன்று முதல் விரலை மடக்கவே முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மச்சான் வந்தான். அவள் வாசலுக்கு ஓடினாள். எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது. ஆனாலும் பூவை வைத்துவிட்டு, அவள் பின்னாலேயே போய் நின்றேன். இந்த வாரச் சொல் என்னவென்று எனக்கும் தெரிய வேண்டாமா?