மறுபடியும் வெடித்த இறக்கை

என் மகள் பத்மஜா கல்லூரியில் விமானப் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறாள். இருபத்தாறு வருஷமாகிறது. அவள் கை ஒரு விமானத்தின் மேல் பட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றை லட்சக்கணக்கான பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்குப் போடுவாள். கண்ணுக்கே தெரியாத காற்றுக்குப் பெட்டி! திரையில் அது நீலமும் சிவப்புமாக வளைந்து போவதைப் பார்த்தால் என் கை தானாகக் கும்பிடும்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பவானிபூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவளுடைய ஆராய்ச்சி மாணவி தீப்தி உட்கார்ந்திருந்தாள். பெங்காலிப் பெண், எங்களோடு பழகித் தமிழும் பேசுவாள். திடீரென்று, "மேடம், ஆபார் ஃபேட்டே கேச்சே!" என்று அலறினாள். மறுபடியும் வெடித்துவிட்டதாம். நான் ஓடிப்போய் கேஸ் சிலிண்டரை மூடினேன்.

"சிலிண்டர் இல்லம்மா, கணக்கு," என்று பத்மஜா சிரித்தாள். "நம்பர் தாறுமாறா ஏறிட்டா அப்படித்தான் சொல்வாங்க."

தீப்தி சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் வெளிநாட்டில் கிடைத்த வேலை போய்விடும். "கணக்குல காத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கிடலாமா மேடம்? அடங்கிடும். யாருக்கும் தெரியாது."

"தேன் மாதிரி காத்துல எந்த ப்ளேன் பறக்கும்?"

"பாவம்டி, விட்டுக்கொடேன்," என்றேன். சொன்னது தப்பென்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெண் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தீப்தி எழுதியதில் தேடிப் பார்த்தும் பிழையே இல்லை. அதனால் பத்மஜா, அதற்கு அடித்தளமாக இருந்த தன்னுடைய பழைய புரோகிராமைத் திறந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. வரி வரியாகப் படித்து, புதன்கிழமை மத்தியானம் ஓரிடத்தில் நின்றாள். இறக்கையின் நுனியில் கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தாள். அன்றைக்கு அவள் போட்டது மெதுவான காற்றுக்கான கணக்கு, அதனால் வெடிக்கவில்லை; தீப்தியுடையது வேகமான காற்று. அந்த நுனிக் கணக்குக்குத்தான் பரிசு வாங்கினாள். சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

திருத்தி ஓட்டினார்கள். வெடிக்கவில்லை. தீப்தி அழுதுவிட்டாள்.

"இப்ப எழுது," என்றாள் பத்மஜா. "தப்பு என்னுதுன்னு பேர் போட்டே எழுது."

"ஐயோ மேடம், உங்க பரிசு..."

"எழுதலேன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை ஏட்டைக் கொடுத்துவிட்டு வந்து, பத்மஜா நாற்காலி போட்டுச் சான்றிதழைக் கழற்றப் போனாள். நான் விடவில்லை. தீப்தி எழுதிய அந்தப் பக்கத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பக்கத்தில் மாட்ட வைத்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது; பத்மஜா பேர் எந்த வரியில் இருக்கிறதென்று தீப்திதான் விரல் வைத்துக் காட்டினாள்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அந்த வரியைத்தான் காட்டுகிறேன்.